லாரி நின்ற நாள்: ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் தண்ணீர் விவகாரம், ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜனவரி 1. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள ஸ்காட்ஸ்டேல் நகரம், தன் எல்லைக்கு வெளியே போகும் தண்ணீர் லாரிகளுக்குத் தண்ணீர் கொடுப்பதை அன்றோடு நிறுத்தியது. அந்த லாரிகளை நம்பியிருந்தது நகர எல்லையை ஒட்டிய ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்ற பாலைவனக் குடியிருப்பு. அங்கே சுமார் 2,000 வீடுகள். அவற்றில் 500-க்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் குழாயும் இல்லை, கிணறும் இல்லை. லாரி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போனால்தான் சமையல், குளியல் எல்லாமே.

இந்தச் செய்தி அப்போது உலகம் முழுக்கப் போனது. கொலராடோ ஆறு வற்றுகிறது, அமெரிக்காவிலேயே ஒரு ஊருக்குத் தண்ணீர் நின்றுவிட்டது என்றுதான் பெரும்பாலும் எழுதினார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஸ்காட்ஸ்டேல், அந்தப் பக்கம் ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ். இரண்டும் ஒரே பாலைவனம், ஒரே வறட்சி, ஒரே வெயில். ஒரு பக்கம் நீச்சல் குளம் நிறைய தண்ணீர் இருந்தது, மறுபக்கம் கழிப்பறைக்கு ஊற்ற மழைநீரை வாளியில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மழை இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான் என்றால், வித்தியாசம் வேறு எங்கோ இருக்க வேண்டும். அது எங்கே என்று தேடுவதுதான் இந்தக் கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த ஊருக்காகப் போய்ப் பேசவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவும் உரிமையுள்ள ஓர் அமைப்பு இல்லாமல் இருந்ததுதான் மூலக் காரணம்.

ஊர் உண்டு, மன்றம் இல்லை

நம்மூர் வாசகர்களுக்கு இது கொஞ்சம் விளங்காமல் போகலாம். தமிழ்நாட்டில் எவ்வளவு சின்னக் குக்கிராமமாக இருந்தாலும் அது ஏதோ ஓர் ஊராட்சியில் சேர்ந்திருக்கும். தலைவர் இருப்பார், வார்டு உறுப்பினர் இருப்பார், தண்ணீர் வரவில்லை என்றால் காலிக் குடத்தோடு போய் நிற்க ஒரு வாசல் இருக்கும். அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் இல்லை. மக்கள் தாங்களாக ஒன்றுகூடி, மாநிலச் சட்டப்படி மனுப்போட்டு, நகரமாகப் பதிவு செய்துகொண்டால்தான் அவர்களுக்கு மேயர், மன்றம், நகர வரி, நகரக் குடிநீர் எல்லாம். பதிவு செய்யாத இடங்களை நேரடியாகக் கவுண்டி பார்த்துக்கொள்ளும். கவுண்டி என்பதை ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை நடத்துவது தேர்ந்தெடுக்கப்பட்ட மேற்பார்வையாளர் குழு.

ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் இருப்பது மாரிகோப்பா கவுண்டியில். ஃபீனிக்ஸ் மாநகரமும் அதே கவுண்டிதான். 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 44 லட்சத்தைத் தாண்டியது. மேற்பார்வையாளர்கள் மொத்தம் ஐந்து பேர். ஒருவருக்கு ஏறக்குறைய ஒன்பது லட்சம் மக்கள் என்று ஆகிறது. தண்ணீருக்குத் தவித்த அந்த 500 சொச்சம் வீடுகளும் அவர்களுடைய மேற்பார்வையாளருக்கு ஓட்டுக் கணக்கில் எவ்வளவு சிறிய புள்ளி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். காவலுக்குக் கவுண்டியின் ஷெரிஃப். தீயணைப்புக்கு ரூரல் மெட்ரோ என்ற தனியார் நிறுவனம், சந்தா கட்டினால் வருவார்கள். பல தெருக்கள் மண்பாதைதான், மழைக்குப் பிறகு அங்கே குடியிருப்பவர்களே சமன்படுத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அங்கே பல வீடுகளின் அஞ்சல் முகவரியில் ஊர்ப்பெயர் ஸ்காட்ஸ்டேல் என்றே இருக்கும். தபால்துறை தன் வசதிக்கு வைத்த பெயர் அது. கடிதம் ஸ்காட்ஸ்டேல் என்று வருகிறது, கடைகண்ணி எல்லாம் ஸ்காட்ஸ்டேலில், தண்ணீரும் ஸ்காட்ஸ்டேலிலிருந்து. ஸ்காட்ஸ்டேல் தேர்தலில் மட்டும் ஓட்டு கிடையாது. நகர வரியும் இவர்கள் கட்டவில்லை. ஆக நகர மன்றத்தில் இவர்கள் தண்ணீரைப் பற்றி முடிவெடுத்த யாரும் இவர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய நிலையில் இல்லை.

அப்படியானால் ஏன் அங்கே போய்க் குடியேறினார்கள் என்று கேட்பது எளிது. சோனோரன் பாலைவனத்தின் மலையடிவாரம் அது. ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் சகுவாரோ கள்ளிகள், தெருவிளக்கு இல்லாததால் இரவில் வானம் நிறைய நட்சத்திரம், வீட்டுக்குப் பின்னால் குதிரை கட்ட இடம். நகரத்தில் ஒரு சின்ன மனை வாங்கும் காசுக்கு இங்கே ஏக்கர் கணக்கில் வாங்கலாம். பக்கத்து வீட்டுக்காரன் எந்த நிறத்தில் சுவருக்கு வண்ணம் அடிக்கிறான் என்று கேட்க ஆள் இல்லை, வரியும் குறைவு. வேலை பார்த்து ஓய்ந்தவர்களுக்கும், பிள்ளைகளை விசாலமான இடத்தில் வளர்க்க நினைத்த குடும்பங்களுக்கும் அது பெரிய ஆசைதான். அந்த ஆசையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐந்து மனைக் கணக்கு

இனி இந்த விவகாரத்தின் வேர். 1980-ல் அரிசோனா நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அப்போதைய ஆளுநர் புரூஸ் பாபிட். விவசாயிகள், சுரங்க நிறுவனங்கள், நகரங்கள் எல்லோரும் ஆளுக்கு ஆள் நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டிருந்த காலம். அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது. ஃபீனிக்ஸ் சுற்றுவட்டாரம் போன்ற கட்டுப்பாட்டுப் பகுதிகளில் யாராவது மனைப்பிரிவு போட்டு விற்க வேண்டுமானால், அங்கே 100 வருடத்துக்குத் தண்ணீர் உறுதியாக இருக்கிறது என்று மாநில நீர்வளத் துறையிடம் நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் விற்க முடியாது. வாங்குபவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு என்ன வேண்டும்?

ஆனால் மனைப்பிரிவு என்பதற்குச் சட்டம் கொடுத்த வரையறை: ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட மனைகள். ஐந்தாகப் பிரித்தால் அது மனைப்பிரிவு இல்லை. அப்போது 100 வருடக் கணக்கும் இல்லை. ஒரு விவசாயி தன் பிள்ளைகளுக்கு நிலத்தைப் பாகம் பிரித்துக் கொடுக்கும்போது அவரை அலைக்கழிக்கக் கூடாது என்பது நியாயம்தான். நிலம் வாங்கி விற்பவர்கள் அதையே வழியாக்கிக்கொண்டார்கள். பெரிய நிலத்தை வாங்குவது, ஐந்தாகப் பிரிப்பது, ஒரு துண்டை வேறொருவர் பெயருக்கு மாற்றுவது, அவர் அதை மறுபடி ஐந்தாகப் பிரிப்பது. கூட்டுச் சேர்ந்து இப்படிச் செய்வது சட்டப்படி தவறு. கூட்டுத்தான் என்று நிரூபிப்பது பெரும்பாடு. ஐந்து துண்டாகப் பிரிப்பதைத் தடுக்கக் கவுண்டிக்கும் பெரிய அதிகாரம் இல்லை. இப்படி உருவாகும் குடியிருப்புகளை அங்கே காட்டுப்பூனை மனைகள் என்கிறார்கள். அங்கீகாரம் இல்லாத மனை என்றால் நமக்கு வரும் அர்த்தம் அல்ல இது. இங்கே பத்திரம் சுத்தம், வீடு கட்ட அனுமதி உண்டு, வங்கிக் கடனும் கிடைக்கும். தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்க்கமாட்டார்கள்.

வாங்குபவருக்குத் தெரியாதா என்றால், காகிதத்தில் தெரியும். இந்த மாதிரி நிலத்தை விற்பவர், சாலை யாருடையது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையெல்லாம் எழுதி ஓர் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும் என்று மாநிலச் சட்டம் இருக்கிறது. லாரித் தண்ணீர் என்றால் அதுவும் அதில் வரும். ஆனால் வீடு பார்க்கப் போகும்போது பக்கத்தில் நாலு வீட்டில் லாரி வந்து போகிறது, இருபது வருடமாக வருகிறது என்கிறார்கள், தரகரும் அதில் ஒரு சிக்கலும் இல்லை என்கிறார். இந்த நிலையில் அந்தப் பத்திரத்தின் ஒரு வரியைப் பார்த்துப் பயந்து திரும்பிப் போக எத்தனை பேருக்குத் தோன்றும்? தங்களுக்கு அப்படித்தான் சொல்லப்பட்டது என்று பின்னர் பலர் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

தொட்டியும் லாரியும்

அந்த மலையடிவாரத்தில் ஆழ்துளைக் கிணறு போடுவது சூதாட்டம் மாதிரி. ஒரு மனையில் தண்ணீர் வரும், அடுத்த மனையில் பல்லாயிரம் டாலர் செலவழித்துத் துளை போட்டாலும் புழுதிதான் வரும். சிலர் நாலைந்து வீடு சேர்ந்து ஒரே கிணற்றைப் பகிர்ந்துகொண்டார்கள். நன்றாக ஊறிக்கொண்டிருந்த கிணறுகள் சில வற்றின. கிணறு இல்லாதவர்கள் தரைக்கடியிலோ வீட்டுப் பின்புறமோ 5,000 கேலன் அளவில், அதாவது சுமார் 19,000 லிட்டர் பிடிக்கும் தொட்டி வைத்தார்கள். லாரிக்காரர்கள் ஸ்காட்ஸ்டேலின் தண்ணீர் பிடிக்கும் நிலையத்தில் காசு கட்டி நிரப்பி, மண்பாதையில் வந்து தொட்டியில் இறக்குவார்கள். தொட்டியிலிருந்து மோட்டார் வழியாக வீட்டுக்குள் குழாய். உள்ளே இருப்பவருக்கு நகரத்து வீட்டுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. சென்னையில் லாரித் தண்ணீரில் கோடையைக் கழித்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டைப் பற்றி நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. தண்ணீரை விற்றது நகரம், வாங்கியது லாரிக்காரர், லாரிக்காரரிடம் வாங்கியது வீட்டுக்காரர். நகரத்துக்கும் அந்தக் குடியிருப்புக்கும் நடுவே எழுத்தில் ஒன்றுமே இல்லை. போடவும் முடியாது, ஏனென்றால் எதிர்ப்பக்கம் கையெழுத்துப் போட யாரும் இல்லை. பல வருடம் தடையில்லாமல் வந்ததால் அது உரிமை மாதிரித் தெரிந்தது. உண்மையில் அது பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த கைமாற்று மாதிரித்தான் இருந்தது.

எச்சரிக்கை வந்த பிறகும் ஒன்றரை வருடம்

2021 ஆகஸ்ட் மாதம் அமெரிக்க மத்திய அரசின் நீர் நிர்வாகத் துறை கொலராடோ ஆற்றில் முதல்நிலைப் பற்றாக்குறையை அறிவித்தது. வரலாற்றில் அதுதான் முதல் தடவை. அதன்படி 2022-ல் அரிசோனாவுக்கு 5,12,000 ஏக்கர்-அடி தண்ணீர் வெட்டு. மாநிலத்துக்கு அந்த ஆற்றிலிருந்து வரவேண்டிய பங்கில் இது ஏறக்குறைய 18 சதவீதம். ஒரு ஏக்கர்-அடி என்றால் சுமார் பன்னிரண்டு லட்சம் லிட்டர். ஆற்றுத் தண்ணீர் 500 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கால்வாய் வழியாகத்தான் ஃபீனிக்ஸ் வட்டாரத்துக்கும் டூசானுக்கும் வருகிறது. ஸ்காட்ஸ்டேலின் தண்ணீரில் பெரும்பகுதி அந்தக் கால்வாய்த் தண்ணீர்தான்.

நகரம் தன் வறட்சித் திட்டத்தின் முதல் படியை அறிவித்தது. அந்தத் திட்டத்திலேயே எல்லைக்கு வெளியே லாரித் தண்ணீர் கொடுப்பதை நிறுத்துவது எழுதப்பட்டிருந்தது. ஒரு வருடத்துக்கும் மேல் அவகாசம் கொடுத்து, 2023 ஜனவரி 1 கடைசி என்று சொன்னார்கள். அப்போதைய மேயர் டேவிட் ஒர்டேகாவின் வாதம் நேரடியானது: நகரம் தன் குடிமக்களுக்குத்தான் பொறுப்பு, வெளியே தண்ணீர் ஏற்பாடு இல்லாமல் வீடுகள் பெருகிக்கொண்டே போவதற்கு நகரம் எப்படி ஈடுகொடுக்கும்? ஸ்காட்ஸ்டேலைக் கல்நெஞ்சக்காரர்களாகக் காட்டுவது சுலபம். ஆனால் 2020-ல் 2,41,000 பேர் இருந்த நகரம் அது, அவர்களிடம் புல்தரையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டே, வரி கட்டாத வெளியாட்களின் புது வீடுகளுக்கு வரம்பில்லாமல் கொடுப்பது அரசியலில் நடக்காத காரியம். ரியோ வெர்டே எடுத்துக்கொண்டது நகரத்தின் பயன்பாட்டில் மிக மிகச் சிறிய பங்குதான் என்பதும் உண்மை. அந்தச் சின்னப் பங்கை இன்னும் ஒரு வருடம் நீட்டித்திருந்தால் நகரம் மூழ்கியிருக்காது. என்னைக் கேட்டால், நிறுத்தும் உரிமை நகரத்துக்கு இருந்தது, நிறுத்திய நேரம்தான் தப்பு.

சரி, எச்சரிக்கை வந்துவிட்டது. ஊர் என்ன செய்தது? இந்த விவகாரத்தில் என்னை ரொம்ப யோசிக்க வைத்த பகுதி இதுதான்.

ஒரு சாரார் வீட்டுக்குடிநீர் மேம்பாட்டு வட்டம் ஒன்றை அமைக்கலாம் என்றார்கள். அரிசோனா சட்டத்தில் இருக்கும் சின்ன உள்ளாட்சி வடிவம் அது. தண்ணீர் ஒன்றுக்காக மட்டும் ஒரு சிறு குழு, அது தண்ணீர் வாங்கலாம், கடன் வாங்கலாம், கட்டணம் போடலாம், முக்கியமாக, நகரத்தோடு ஒப்பந்தம் போடலாம். விரும்பும் வீடுகள் மட்டும் சேர்ந்தால் போதும் என்றார்கள். கையெழுத்து வாங்கிக் கவுண்டியிடம் மனுவும் கொடுத்தார்கள்.

இன்னொரு சாரார் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களில் பலருக்குச் சொந்தக் கிணறு இருந்தது. நாங்கள் அரசாங்கம் இல்லாத இடம் தேடித்தான் இங்கே வந்தோம், இப்போது நீங்கள் ஒரு புது அரசாங்கத்தைக் கொண்டுவருகிறீர்கள் என்பது அவர்கள் பேச்சு. இன்றைக்குச் சேர்ந்தால் போதும் என்பீர்கள், நாளைக்கு வரி வரும், குழாய் போட நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரமும் அந்த வட்டத்துக்கு வந்துவிடும் என்றார்கள். இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. அப்படிப்பட்ட வட்டங்களுக்கு நிஜமாகவே அதிகாரங்கள் உண்டு. ஆனால் கிணறு உள்ளவர் கிணறு இல்லாதவரிடம் பொறுங்கள் என்று சொல்வதில் ஒரு கனம் இருக்கிறது. ஒரே தெருவில் குதிரையை மாறி மாறிப் பார்த்துக்கொண்டவர்கள் முகம் பார்க்காமல் போகும் அளவுக்குச் சண்டை முற்றியது. கூட்டத்துக்குக் கூட்டம் அதே வாதம்.

2022 ஆகஸ்டில் கவுண்டி மேற்பார்வையாளர்கள் அந்த மனுவை நிராகரித்தார்கள். அந்தப் பகுதியின் மேற்பார்வையாளர் தாமஸ் கால்வின், ஊரே இரண்டுபட்டுக் கிடக்கிறது, அரசாங்கத்தின் இன்னொரு அடுக்கு வேண்டாம், எப்கோர் என்ற தனியார் குடிநீர் நிறுவனத்தின் வழியே சிறந்தது என்ற நிலை எடுத்தார். எப்கோர் திட்டத்துக்கு மாநிலத்தின் பொதுப்பயன்பாட்டு ஆணையம் அனுமதி தர வேண்டும், பிறகு கட்ட வேண்டும், எல்லாம் சேர்ந்து வருடக்கணக்கில் ஆகும். தண்ணீர் நிற்க நாலு மாதம்தான் இருந்தது. நடுவில் வரும் காலத்துக்கு யார் பொறுப்பு என்பதற்கு அன்று கவுண்டியிடம் பதில் இல்லை. நிராகரித்ததைவிட, நிராகரித்துவிட்டு வேறு ஏற்பாடு செய்யாததைத்தான் நான் பெரிய பிழையாகப் பார்க்கிறேன். ஏனென்றால் அந்த மக்களுக்கு இருந்த ஒரே உள்ளாட்சி அந்தக் கவுண்டிதான்.

தனி நகரமாகவே பதிவு செய்திருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். அரிசோனாவில் 1,500 பேர் இருந்தாலே அதற்கு மனுப்போடலாம். ஆனால் பக்கத்தில் ஏற்கெனவே பெரிய நகரம் இருந்தால் அதைச் சுற்றி ஆறு மைல் தூரத்துக்குள் புதிதாக ஒரு நகரம் உருவாக, அந்தப் பழைய நகரத்தின் சம்மதம் வேண்டும் என்று இன்னொரு விதி இருக்கிறது. அப்படியே சம்மதம் கிடைத்தாலும், பெயர்ப்பலகை வைத்த மறுநாள் தண்ணீர் வந்துவிடாது. அதோடு, ஒரு தண்ணீர் வட்டத்துக்கே ஒத்துக்கொள்ளாத ஊர் முழு நகராட்சிக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நின்ற பிறகு

ஜனவரி பிறந்தது. லாரிக்காரர்கள் தொழிலை விடவில்லை, அபாச்சி ஜங்ஷன் போன்ற தூரத்து ஊர்கள் வரை போய்த் தண்ணீர் பிடித்தார்கள். ஒரு நடைக்கு மணிக்கணக்கில் ஆகும், டீசல் செலவு வேறு. கட்டணம் இரண்டு மடங்கு, சில வீடுகளுக்கு மூன்று மடங்கு ஆனது. வீடுகளில் காகிதத் தட்டில் சாப்பிட்டார்கள். துணியைத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்தார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் போய்க் குளித்தார்கள். மழை பெய்தால் கூரைத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு வைத்தார்கள். இத்தனைக்கும் இது குளிர்காலம். கோடையில் 40 டிகிரி செல்சியஸை அலட்சியமாகத் தாண்டும் இடம் அது. குதிரை வளர்ப்பவர்கள் நிலையைச் சொல்லவே வேண்டாம், ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு முப்பது நாற்பது லிட்டர் வேண்டும், வெயிலில் இன்னும் கூடும்.

இவர்களில் வசதியானவர்களும் உண்டு என்பதால் இணையத்தில் நிறையப் பேர் இரக்கமே காட்டவில்லை. அரசாங்கம் வேண்டாம் என்று போனவர்கள்தானே, படட்டும் என்றார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பெரிய வீட்டுக்காரரோடு சேர்த்து, வாழ்நாள் சேமிப்பை ஒரே வீட்டில் போட்டுவிட்டு விற்கவும் முடியாமல் மாட்டிக்கொண்ட வயதானவர்களும் அங்கே இருந்தார்கள். அரசாங்கம் வேண்டாம் என்றவர்களும், தண்ணீர் வட்டம் வேண்டும் என்று மனுப்போட்டவர்களும் வேறு வேறு ஆட்கள் என்பதையும் யாரும் கவனிக்கவில்லை.

குடியிருப்பவர்கள் சிலர் நீதிமன்றம் போனார்கள். தண்ணீரைத் திரும்பக் கொடுக்க நகரத்துக்கு உடனடி உத்தரவு போடக் கேட்டார்கள், நீதிமன்றம் மறுத்துவிட்டது. பிப்ரவரியில் ஸ்காட்ஸ்டேல் ஒரு படி இறங்கி வந்தது. வேறு இடத்திலிருந்து வாங்கும் தண்ணீரைத் தன் ஆலையில் சுத்திகரித்து, கவுண்டி மூலம் மூன்று வருடத்துக்குத் தரத் தயார் என்றது. கவுண்டியோ, தண்ணீர் வியாபாரம் எங்கள் வேலை இல்லை என்று ஒதுங்கியது. நகரம் தருகிறேன் என்கிறது, தாகம் இருக்கிறது, லாரி இருக்கிறது, பணம் கொடுக்க வீட்டுக்காரர்களும் தயார். நடுவில் வாங்கிக்கொள்ளச் சட்டப்படி ஒரு கை இல்லை. 2022-ல் அந்த வட்டம் அமைந்திருந்தால் அந்தக் கை அதுவாகவே இருந்திருக்கும். முழு விவகாரமும் இந்த ஒரு இடத்தில் வந்து நிற்கிறது என்று நான் நினைக்கிறேன்.

கடைசியில் மாநிலச் சட்டமன்றம்

அடுத்து பிரச்சினை மாநிலத் தலைநகருக்குப் போனது. 2023 மே மாதம் சட்டமன்றம் அனுப்பிய ஒரு மசோதாவை ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் மறுத்துத் திருப்பி அனுப்பினார். அது பிரச்சினையைச் சீக்கிரம் தீர்க்காது என்பது அவர் சொன்ன காரணம். ஜூன் மாதம் இரண்டாவது மசோதா வந்தது, அதில் கையெழுத்திட்டார். அது ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸுக்கென்றே ஒரு தற்காலிகத் தண்ணீர் வட்டத்தை உருவாக்கியது. ஐந்து பேர் கொண்ட குழு. வேலை ஒன்றே ஒன்று: எப்கோர் கொண்டுவரும் தண்ணீரை ஸ்காட்ஸ்டேல் சுத்திகரித்துக் கொடுக்க ஒப்பந்தம் போடுவது, அதை லாரிகள் மூலம் வீடுகளுக்குக் கிடைக்கச் செய்வது. எப்கோர் தன் சொந்த நிலையத்தைக் கட்டி முடிக்க இடம் விட்டு, 2025 முடியும்வரைக்குமான ஏற்பாடு. அந்த வருடம் அக்டோபர் வாக்கில் லாரிகள் மறுபடி ஸ்காட்ஸ்டேல் தண்ணீரோடு வந்தன. கிட்டத்தட்ட பத்து மாதம் ஆகியிருந்தது.

2022-ல் ஊரே அடித்துக்கொண்ட அந்தச் சின்ன உள்ளாட்சி, 2023-ல் வேறு பெயரில், குறைந்த அதிகாரத்தோடு, காலாவதித் தேதியும் போட்டு வந்தது என்றுதான் இதைப் படிக்க வேண்டும். எதிர்த்தவர்கள் பயந்த அகலமான அதிகாரங்கள் இல்லை, ஆதரித்தவர்கள் கேட்ட கையெழுத்து அதிகாரம் இருக்கிறது. அப்படி ஒரு நடுவழி இருந்திருக்கிறது. அதை அந்தத் தெருவிலேயே உட்கார்ந்து எழுதியிருக்கலாம் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஐந்து மனைக் கணக்கு பற்றி இன்னும் ஒரு விஷயம். அதே 2023 ஜூன் தொடக்கத்தில், ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் அடுத்த 100 வருடத்தில் நிலத்தடி நீர்த் தேவையில் சுமார் 4 சதவீதம் பூர்த்தியாகாது என்று மாநில நீர்வளத் துறையின் கணிப்பு வெளியானது. நிலத்தடி நீரை மட்டும் காட்டிப் புது மனைப்பிரிவுகளுக்கு உறுதிச் சான்று தருவதை அதோடு நிறுத்தினார்கள். துணிச்சலான முடிவு, பாராட்ட வேண்டும். ஆனால் அந்தச் சான்று ஆறு மனைக்கும் அதற்கு மேலும் போனால்தான் தேவை. ஐந்தாகப் பிரிப்பவருக்கு அன்றைக்கும் அது கேட்கப்படவில்லை. முறையாகச் செய்பவருக்குக் கதவு இறுகியது, பக்கவாட்டு வழி திறந்தே இருந்தது. பாலைவனத்தின் இன்னொரு அடிவாரத்தில் இன்னொரு ரியோ வெர்டே வராமல் இருக்க முதலில் தொட வேண்டியது அந்த ஆறு என்ற எண்ணைத்தான்.

எப்கோருக்கு அரிசோனா பொதுப்பயன்பாட்டு ஆணையத்தின் அனுமதி 2023 இலையுதிர் காலத்தில் கிடைத்தது. அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் கிடையாது, லாரிகள் நிரப்பிக்கொள்ள ஒரு நிலையம் மட்டும்தான். தொட்டியும் மோட்டாரும் அப்படியே இருக்கும். எப்கோர் யாருடையது என்று பார்த்தால் கனடாவின் எட்மன்டன் நகராட்சியுடையது. அரிசோனா பாலைவனத்தில் ஒரு தொட்டிக்குப் போகும் தண்ணீரின் லாபம், எங்கோ பனி பெய்யும் ஒரு நகரத்தின் கணக்கில் சேரும். அதில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. கட்டணத்தை எட்மன்டன் தன் விருப்பத்துக்கு ஏற்ற முடியாது. அதை நிர்ணயிப்பது அந்த ஆணையம். அதன் ஐந்து உறுப்பினர்களையும் அரிசோனா மக்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஸ்காட்ஸ்டேலின் மண்பாதைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் அந்தத் தேர்தலில் ஓட்டு உண்டு.